ப. சுப்பராயன்

ப. சுப்பராயன் (செப்டம்பர் 11, 1889 – அக்டோபர் 6, 1962) சென்னை மாகாண சட்ட மேலவை உறுப்பினர். 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் முதல் அமைச்சர். பரமத்தி வேலூருக்கு வடக்கே, திருச்செங்கோட்டை அடுத்துள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தார். இவ்வூர்கள் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளன.

சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்சுபோர்டு வாதம் கல்லூரியிலும் படித்தார். மங்களூரைச் சேர்ந்த ராதாபாயை மணந்தார். இது சாதியும் மொழியும் கடந்த திருமணம். ராதாபாய் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டவர்.

கட்சியில்லாத முதல் அமைச்சர்

மாண்டேகு - செம்சுபோர்டு சீர்திருத்தப்படி நடந்த 1920 தேர்தலில் சுப்பராயன் நிலக்கிழார் தொகுதியிலிருந்து அவைக்கு வந்தார். அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் போன்ற துறைகள் மட்டுமே இந்திய அமைச்சர்களிடம் இருந்தன. நிதி, காவல், நிலவரி, பாசனம் ஆகியவை ஆளுநர் கையில்.

1926 தேர்தலில் 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களையும் நீதிக்கட்சி 21 இடங்களையும் பெற்றன. இரட்டை ஆட்சியை எதிர்த்த சுயராஜ்யக் கட்சியினர் அமைச்சரவை அமைக்க மறுத்தனர். ஆளுநர் கோசன் சுயேச்சையான சுப்பராயனை அழைத்தார். ஆ. அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் அமைச்சர்களாயினர்.

தனக்கென்று ஒரு கட்சி இல்லாதவர் எப்படி ஆள்வது? ஆளுநர் நியமித்த உறுப்பினர்களின் வாக்கு ஒன்றே நிலையான துணை. 1927 ஆகத்தில் சுயராஜ்யக் கட்சியும் நீதிக்கட்சியும் சேர்ந்து கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 56க்கு 67 என்ற கணக்கில் தோற்றது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் வாக்கை மட்டும் எண்ணியிருந்தால் அமைச்சரவை நின்றிருக்காது. இதனால் இதை ஆளுநரின் பொம்மை அரசு என்றனர் எதிரிகள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

அடுத்து சைமன் குழு வந்தது. அதைப் புறக்கணிப்பதா என்ற கேள்வியில் சுப்பராயனுக்கும் இரு அமைச்சர்களுக்கும் கருத்து வேறுபட்டு, அவர்கள் பதவி விலகினர். முந்தைய ஆண்டு கவிழ்க்க முயன்ற நீதிக்கட்சியே இப்போது ஆதரவு தந்து அரசைக் காப்பாற்றியது! எசு. முத்தையா முதலியாரும் எம். ஆர். சேதுரத்தினம் ஐயரும் புதிய அமைச்சர்களாயினர்.

இத்தனை ஆட்டத்திலும் வேலை நடந்தது என்பதே இந்த ஆட்சியின் வியப்பு. முத்தையா முதலியார் வகுப்புவாரி ஆணையை நடைமுறைப்படுத்தினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் 1928இல் நிறைவேறியது. அவைத் துணைத் தலைவராக இருந்த முத்துலட்சுமி ரெட்டியின் தேவதாசி இனாம் திருத்தம் 1929இல் சட்டமானது.

கோயில் நுழைவு

1930இல் பதவி இழந்தபின் செய்ததே அவருடைய பெரிய பணி என்று கருத இடமுண்டு. 1932இல், காந்தியடிகளின் எரவாடா உண்ணாநோன்பை அடுத்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில்களைத் திறந்துவிடும் மசோதாவைச் சென்னை அவையில் முன்வைத்தார். சமய விவகாரம் என்பதால் வைசிராயின் முன்அனுமதி வேண்டியிருந்தது. 1933 சனவரியில் வைசிராய் வில்லிங்டன் அனுமதி மறுத்தார்.

பின்னர் காங்கிரசில் சேர்ந்து, 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வித் துறைகளை ஏற்றார். ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை அமைச்சராக இருந்தபோது, 1947இல், சென்னைக் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது.

இந்தோனேசியத் தூதர், திருச்செங்கோடு மக்களவை உறுப்பினர், நடுவண் போக்குவரத்து அமைச்சர் எனப் பல பதவிகளை வகித்தார். மகாராட்டிர ஆளுநராக இருந்தபோது காலமானார். பிள்ளைகளில் பி. பி. குமாரமங்கலம் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமை இயக்கத்துக்குச் சென்றனர்.