விரைவுப் புகையிரதமும் காணிக் கணக்கும்

1990 ஜூன் மாதத்தில் யாழ்தேவி யாழ்ப்பாணத்தை விட்டு இறுதியாகப் புறப்பட்டது. அதன்பின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போயின. ஆயினும் 2014 அக்டோபரில், இந்தியக் கடனுதவியுடன், பழைய வழியிலேயே வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. இரும்பு அழிந்தது, பாதைக்கான காணி எஞ்சியிருந்தது. நாம் கண்ட இவ்வுண்மையே, நம்மிற் பலர் வாழும் அமெரிக்காவின் விரைவுப் புகையிரத வரலாற்றையும் விளக்குகின்றது.

1967 இல் நியூ ஜேர்சியில், டிரென்டனுக்கும் நியூ பிரன்ஸ்விக்குக்கும் இடையே ஓடிய சோதனை வண்டி மணிக்கு 156 மைல் வேகத்தை எட்டியது. அது புதிய பாதையன்று. 1930களிலேயே மின்மயமாக்கப்பட்ட பழைய பாதையைச் செப்பனிட்டே அது சாதிக்கப்பட்டது. 1969 ஜனவரியில் நியூயோர்க்–வாஷிங்டன் 'மெற்றோலைனர்' சேவை அப்பாதையில் ஆரம்பமாயிற்று.

டெக்சாஸில் நிலைமை வேறு. டலஸ், ஹூஸ்ரன், சான் அன்ரோனியோ நகரங்களைப் புதிய பாதையால் இணைக்க 1991 இல் தனியார் கூட்டமைப்பொன்றுக்கு உரிமை வழங்கப்பட்டது. அரச பணம் கிடையாது, விமான நிறுவனமொன்று கடுமையாக எதிர்த்தது, முதலீடு திரளவில்லை. 1994 இல் அம்முயற்சி முடிவுற்றது. பின்னெழுந்த டலஸ்–ஹூஸ்ரன் திட்டம், காணி சுவீகரிக்கும் அதிகாரத்துக்காக வழக்காடி 2022 இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றது. தண்டவாளமோ இன்னும் இடப்படவில்லை.

கலிபோர்னியாவில் 2008 இல் மக்கள் வாக்களித்து 995 கோடி டொலர் கடன் பத்திரங்களுக்கு இசைந்தனர். சான் பிரான்சிஸ்கோ–லொஸ் ஏஞ்சல்ஸ் பாதைக்கு அன்று கூறப்பட்ட செலவு ஏறத்தாழ 3,300 கோடி. 2011 இல் அது 9,800 கோடியைத் தாண்டியது. விரிகுடாப் பகுதியிலும் தெற்கிலும் ஏற்கெனவே உள்ள பாதைகளைப் பகிர்ந்துகொள்ளத் தீர்மானித்ததும், 2012 இல் மதிப்பீடு 6,800 கோடியாக இறங்கியது. நடுப் பள்ளத்தாக்கிலோ, தேவையான காணிகள் கைக்கு வருமுன்னரே கட்டுமான ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்பட்டன. தாமதம் பெருகச் செலவும் பெருகி, 10,000 கோடியைக் கடந்தது. பகிர்ந்துகொள்ளவிருந்த சான் பிரான்சிஸ்கோ–சான் ஹொசே பாதையிலோ 2024 ஆகஸ்ட்டில் மின்வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன.

பழைய பாதையின் வளைவுகளில் வேகம் குறையும் என்பது மெய்யே. ஆயினும் வீணாகும் ஒவ்வொரு டொலரும் வரியாகவோ பயணக் கட்டணமாகவோ மக்களிடமே திரும்பி வருகின்றது. கார் வாங்க வசதியின்றி அதிகாலையில் வேலைக்குப் புறப்படும் குடும்பமே அச்சுமையை முதலில் உணர்கின்றது. பாதைக்கான காணியை முன்கூட்டியே ஒதுக்கிப் பேணும் தலைமுறையே, பின்வருவோர்க்கு மலிவான பயணத்தை விட்டுச்செல்கின்றது.