சுவர் எழுப்பியவர் யார்?

அமெரிக்க நாட்டின் தென்மேற்கே, நியூ மெக்சிகோ மாநிலத்தில், பெக்கோஸ் என்னும் இடத்தில், செம்மண் சுவர்கள் சில கூரையின்றி வானம் பார்த்து நிற்கின்றன. காண வருவோர், "ஸ்பானியர் கட்டிய கோயில்" என்று வியந்து செல்கின்றனர். நாமும் வியப்போம், வியந்தபின் ஒன்று கேட்போம். கட்டியவர் ஸ்பானியர்தாமா?

ஸ்பானியர் அம்மாநிலத்தில் குடியேறியது 1598-இல். அதற்கு நெடுங்காலம் முன்னரே ஊர் அமைத்து வாழ்ந்தவர் பியூப்ளோ மக்கள். மாடிமேல் மாடியாக வீடு கட்டினர், மக்காச்சோளம் விளைத்தனர், அதைக் கொடுத்துச் சமவெளி மக்களிடம் காட்டெருமைத் தோல் பெற்றனர். பெக்கோசில் மட்டும் ஏறத்தாழ 2000 பேர் வாழ்ந்தனர். நிலத்தைத் தோண்டி வட்டமாக அமைத்த 'கீவா' என்னும் கூடமே அவர்தம் சடங்குகளுக்கு உரிய இடம்.

1625-இல் அங்கே மாபெரும் கோயில் ஒன்று எழுந்தது. எழுப்பியவர் அந்த்ரேஸ் ஹுவாரெஸ் என்னும் பாதிரியார் என்று ஏடு கூறும். ஏறத்தாழ 3 இலட்சம் பச்சைச் செங்கற்கள்! அத்தனைக்கும் மண் குழைத்த கால்கள் எவருடையவை? வெயிலில் உலர்த்தி, சுமந்து, அடுக்கிய கைகள் எவருடையவை? பியூப்ளோ வழக்கப்படி சுவர் எழுப்புவது பெண்டிரின் தொழில். ஆணையிட்டவர் பெயர் ஏட்டில் ஏறியது. அடுக்கியவர் பெயர் மண்ணோடு மண்ணாயிற்று.

உழைப்பை வாங்கியதோடு ஆட்சி ஓய்ந்ததா? வீடுதோறும் சோளமும் துணியும் வரியாகப் பறித்தது. முன்னோர் வழிபாட்டைத் தடுத்தது, முகமூடிகளைத் தீயிலிட்டது. 1675-இல் சமயத் தலைவர் 47 பேரைப் பிடித்து, அவருள் பலரைச் சவுக்கால் அடித்தது. அடிபட்டோருள் ஒருவர் போப்பே. ஐந்தாண்டுகளுக்குப் பின், முடிச்சிட்ட கயிறுகள் ஓட்டக்காரர் கையில் ஊர் ஊராகச் சென்றன. நாளுக்கொரு முடிச்சாக அவிழ்த்தால், எழ வேண்டிய நாள் விளங்கும். 1680 ஆகஸ்ட் 10-இல் வெவ்வேறு மொழி பேசும் ஊர்கள் ஒன்றாக எழுந்தன. பாதிரிமார் 21 பேர் உட்பட ஏறத்தாழ 400 ஸ்பானியர் மாண்டனர். எஞ்சியோர் எல் பாசோவுக்கு ஓடினர். குருதி சிந்திய அந்நாளைக் கொண்டாட நாம் வரவில்லை; அது வந்த காரணத்தை மறைக்கவும் ஒருப்படோம்.

பெக்கோஸ் கோயில் அன்று தரைமட்டமாயிற்று. 1692-இல் ஸ்பானியர் திரும்பினர். 1717-இல் சிறிய கோயில் ஒன்று எழுந்தது. இன்று நிற்கும் சுவர்கள் அதனுடையவை. பழைய கோயில் அத்துணைப் பெரிது என்று அக்காலப் பாதிரிமார் எழுதியதை மிகையென்றே பிற்கால அறிஞர் கருதினர். 1967-இல் மண்ணுக்கடியில் அதன் அடித்தளம் வெளிப்பட்டபின் ஐயம் அகன்றது. அடுக்கிய கைகளுக்கு அம்மண்ணே சான்று!

பின்னர்க் கொள்ளைநோயும் பகைவர் தாக்குதலும் ஊரைக் கரைத்தன. 1838-இல் எஞ்சிய ஒரு சிலர் ஹேமஸ் என்னும் உறவூருக்குக் குடிபெயர்ந்தனர். கதை முடிந்தது என்று உலகம் எண்ணியது. 1915 முதல் 1929 வரை அங்கே அகழ்ந்த ஆய்வாளர், பானைகளோடு மனிதர் எலும்புகளையும் எடுத்துச் சென்றனர். எலும்புகள் ஆய்வுப் பொருளாயின. அவற்றுக்கு உறவினர் உண்டென்பதை எவர் எண்ணினர்?

ஹேமஸ் மக்கள் எண்ணினர், கேட்டனர். 1990-இல் பிறந்த சட்டம் அவர்க்குத் துணை நின்றது. 1999-இல் ஏறத்தாழ 2000 பேரின் எலும்புகள் அருங்காட்சியகத்திலிருந்து மீண்டன. வழித்தோன்றல்கள் நெடுந்தொலைவு நடந்து வந்து, பெக்கோஸ் மண்ணிலேயே அவற்றை அடக்கம் செய்தனர்.

ஊர் இடிந்தால் மக்கள் அழிந்தனர் என்று எழுதிவிடுவது எளிது. வரலாறு கற்கும் நாம் அந்த எளிமைக்கு இணங்கலாமா? இடிந்த சுவரின் முன் நிற்கும்போது இரண்டு கேள்விகளை மறவாதிருப்போம்: இதைச் சுமந்தவர் யார்? அவர் மக்கள் இன்று எங்கே?