பெல்ட்டின் முதுகைத் தாங்கும் தட்டு பிறந்த கதை

கத்தி செய்யும் பட்டறைக்குப் போகிறவர்கள் பெல்ட் கிரைண்டரைப் பார்த்ததும் மோட்டார் எத்தனை குதிரைசக்தி, பெல்ட் என்ன விலை என்று விசாரிப்பார்கள். பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டை யாரும் கேட்பதில்லை. பிளேட்டன் என்று அதற்குப் பெயர். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டுக்கும் நடுவில் ஓடும் பெல்ட்டின் முதுகைத் தாங்கி நிற்கும் எஃகுத் துண்டு. கத்தியின் சரிவு நேராக அமைவதும் கோணிப்போவதும் இதன் கையில்தான் இருக்கிறது.

இந்தத் தட்டின் கதை உப்புத்தாளிலிருந்து தொடங்குகிறது. 1834-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐசக் ஃபிஷர் உப்புத்தாள் தயாரிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அன்றைய தாள் மரத்தை இழைக்கும். கெட்டி எஃகிடம் தோற்றுப்போகும். 1891-இல் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கல்கரியையும் சேர்த்து மின்சாரத்தால் சூடாக்கியபோது சிலிகான் கார்பைடு கிடைத்தது. கார்பொரண்டம் என்ற பெயரில் அது உலகெங்கும் போயிற்று. அடுத்து, பாக்சைட்டை மின் உலையில் உருக்கி அலுமினியம் ஆக்சைடு துகள் எடுத்தார்கள். எஃகைக் கடிக்கும் பல் இப்படிக் கிடைத்தது. அந்தத் துகளைத் துணியில் ஒட்டி, இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கி, மோட்டாரில் ஓட்டியபோது பெல்ட் கிரைண்டர் உருவானது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் கத்தி செய்யும் முறையே மாறியது. உலையில் காய்ச்சி அடிப்பதற்குப் பதிலாக, எஃகுப் பட்டையை எடுத்துக் கத்திக்கு வேண்டாத பகுதியையெல்லாம் தேய்த்துத் தள்ளும் முறை பரவியது. பாப் லவ்லெஸ் அதைப் புகழ்பெறச் செய்தவர்களில் முக்கியமானவர். 1970-இல் அங்கே கத்திக் கலைஞர்களுக்கென்று ஒரு சங்கமும் உருவானது. இந்தத் தொழிலின் இயந்திரங்களுக்கு 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம் கொண்ட பெல்ட் வழக்கமான அளவாக நிலைத்தது. கத்தியின் பக்கத்தைக் குழிவாகச் செதுக்கப் பெரிய ரப்பர் சக்கரம் போதும். தட்டையான சரிவு வேண்டுமென்றால் பெல்ட்டுக்குப் பின்னால் தட்டையான முகம் வேண்டும். பிளேட்டனுக்கு வேலை வந்தது இங்கேதான்.

மலிவாகக் கிடைக்கும், எளிதாகத் துளை போடலாம் என்பதால் எம்.எஸ். எனப்படும் சாதாரண மெல்லிரும்புத் தகட்டையே பொருத்தினார்கள். 100 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றினால் பெல்ட் நொடிக்கு 15 மீட்டர் ஓடும். முன்பக்கத்திலிருந்து உதிரும் துகள் பெல்ட்டின் முதுகில் ஏறிக்கொண்டு தகட்டை இடைவிடாமல் அராவும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால் இந்த வேகத்துக்கு மெல்லிரும்பு எம்மாத்திரம்? தகட்டின் நடு குழியும், ஓரம் மேடாக நிற்கும். குழியில் தேய்த்த கத்தியின் சரிவு நேராக வராமல் வயிறு தள்ளும். மேட்டு ஓரம் அதன் மேல் கோடு இழுக்கும்.

சிக்கலை முற்றவைத்தது செராமிக் துகள். 3எம் நிறுவனம் 1981-இல் க்யூபிட்ரான் என்ற துகளைக் கொண்டுவந்தது. மழுங்கிய விளிம்பு நுண்ணியதாக உடைந்து புதிய கூர் வெளிப்படுவது இதன் சிறப்பு. அப்படி உடைய அழுத்தம் தேவை. ஆகவே கத்தியை முன்னிலும் பலமாக அழுத்தினார்கள். அந்த அழுத்தத்தையும் சூட்டையும் வாங்கிக்கொண்டது பின்னால் நின்ற தட்டு. பெல்ட் பலம் பெறப்பெறத் தட்டும் பலம் பெற வேண்டியதாயிற்று. கத்திக்குப் போடும் தோய்ச்சலைத் தட்டுக்கும் போட்டார்கள்.

இதற்கு ஓ1, டி2 போன்ற கருவி எஃகுகள் ஏற்றவை. மெல்லிரும்பின் கடினம் விக்கர்ஸ் அளவில் 150-க்குள் நிற்கும். ராக்வெல் 60-க்குத் தோய்ச்சல் போட்ட எஃகு 700-ஐத் தொடும். துகளின் கடினம் 2,000 அளவில் இருப்பதால் இந்த எஃகும் தேயத்தான் செய்யும். ஆனால் மிக மெதுவாக. டி2-இல் 12 சதவீத அளவுக்குக் குரோமியம் உண்டு. அதன் கார்பைடுகள் எஃகுக்குள் புதைந்திருந்து தேய்மானத்தை இன்னும் தடுக்கும்.

போட்டிக்குக் கண்ணாடிப் பீங்கானும் வந்தது. 1953-இல் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் தகட்டை 600 டிகிரி செல்சியஸில் சூடாக்க நினைத்தார். உலை பழுதாகி 900-க்கு ஏறிவிட்டது. உருகிக் கிடக்கும் என்று திறந்தால் தகடு வெண்மையாக, முழுதாக இருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. அந்த வகைத் தகட்டைப் பிளேட்டனின் முகத்தில் ஒட்டிப் பயன்படுத்துகிறவர்கள் பலர். வழவழப்பில் எஃகு அதற்கு ஈடாகாது. ஆனால் ஓரத்தில் அடிபட்டால் சில்லு தெறிக்கும், ஒட்டு விடும் அபாயமும் உண்டு. போல்ட் போட்டு இறுக்கி, தேய்ந்தால் மீண்டும் சமமாக்கிக்கொள்ள எஃகே தோது.

வாங்கும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: தோய்ச்சலுக்குப் பிறகு சர்ஃபேஸ் கிரைண்டரில் சமமாக்கினார்களா? தோய்ச்சலில் எஃகு கொஞ்சமாவது வளையும். அதைச் சரிசெய்யாத தட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. துளையும் மரையும் தோய்ச்சலுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். பெல்ட்டின் இணைப்பு இடிக்காதபடி மேல், கீழ் ஓரங்கள் உருண்டிருக்க வேண்டும். மாட்டும்போது தட்டின் முகம் சக்கரங்களைவிடச் சற்று முன்னே நிற்கட்டும்.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. பெல்ட்டைக் கழற்றி, தட்டின் மேல் நேர்விளிம்பு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து, பின்னால் ஒரு விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சக் கீற்று தெரியும் இடம் குழி. தட்டின் முகமெங்கும் மார்க்கரால் கட்டம் போட்டு, தடித்த சமக் கண்ணாடியில் ஈர உப்புத்தாளை விரித்துத் தேயுங்கள். மேட்டில் மை அழியும், குழியில் தங்கும். முழு மையும் போனால் முகம் சமம். குழி ஆழமென்றால் சர்ஃபேஸ் கிரைண்டருக்கு அனுப்புவதே சரி. தட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது; 200 டிகிரியில் பதப்படுத்திய ஓ1 எஃகு அங்கே இளகியிருக்கும். துருப்பிடிக்காமல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, ஓட்டுமுன் துடைத்துவிடுங்கள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிய மோட்டாருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் நல்ல தட்டுக்கு ஒதுக்குங்கள். தட்டு கோணலாக இருந்தால், எவ்வளவு விலை கொடுத்த பெல்ட்டும் உங்கள் கத்தியை நேராக்காது.