விருபாட்ச குகையின் வகுப்பறை

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம் உள்ள ரமணாசிரமத்தை ஆன்மிகத் தலமாகவே பலரும் அறிவர். முதுகலைத் தமிழ் மாணவர்கள் சிலரோடு அண்மையில் அங்குச் சென்றிருந்தோம். வகுப்பறைக்குள் இருந்தும் வகுப்புக்கு வெளியே நிற்பவர்கள் யார் என்று பேருந்தில் அவர்களிடையே எழுந்த பேச்சு, ஆசிரமத்தை வந்தடைந்த பின்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சின் வழியே ரமணரின் வரலாற்றைத் திரும்பப் பார்த்தபோது, அதில் கற்பித்தலின் வரலாறும் ஒன்று கலந்திருப்பது தெரிந்தது.

அவ்வரலாறு ஒரு தண்டனையில் தொடங்குகிறது. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில், அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவன் வேங்கடராமன், பெயின் என்பாரின் ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மூன்று முறை எழுதவேண்டியிருந்தது. இருமுறை எழுதியாயிற்று. மூன்றாவதன் நடுவில் புத்தகத்தை மூடிவிட்டான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டோடு சீட்டொன்றும் எழுதிவைத்துப் புறப்பட்டான். கட்டணம் இன்னும் செலுத்தப்படவில்லை என்பதைக் குறிக்க அச்சீட்டில் மறக்கவில்லை! செப்டம்பர் 1 அன்று அண்ணாமலை சேர்ந்தான். பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது.

அடுத்த ஆண்டில் அவருக்குத் தொண்டு செய்ய வந்தவர் மலையாளியான பழனிசாமி. தமிழில் அவருக்குப் பயிற்சி குறைவு. ஊருக்குள் இருந்து கைவல்லிய நவநீதம் போன்ற வேதாந்த நூல்களை இரவல் வாங்கிவந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துத் திணறுவார். அதைக் கண்ட இளந்துறவி அந்நூல்களைத் தாமே வாசித்து, சாரத்தை அவருக்கு எடுத்துரைத்தார். பழனிசாமியிடம் இருந்த மலையாள அத்யாத்ம ராமாயணத்தின் வழியே அம்மொழியின் எழுத்துகளையும் கற்றுக்கொண்டார். பின்னாளில் பெரும் பண்டிதர்கள் வந்து ஐயம் தெளிந்த அந்த நூலறிவின் ஊற்றுக்கண், தடுமாறிப் படித்த ஒரு தொண்டருக்கு உதவப் புகுந்த இடத்தில் இருக்கிறது. 1931-இல் வெளிவந்த நரசிம்ம சுவாமியின் ஆங்கில வாழ்க்கை வரலாறு இதைப் பதிவுசெய்துள்ளது. நம் ஆசிரியப் பயிற்சிக் கூடங்களில் இச்செய்தியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர் குறுக்கிட்டார். வகுப்பில் தாம் செய்யுளைத் தட்டுத்தடுமாறி வாசிக்கத் தொடங்கினால், இரண்டாம் அடியிலேயே "சரி, உட்காருங்கள்" என்று சொல்லி அடுத்தவரை வாசிக்கச் சொல்வது வழக்கம் என்றார். அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் அவ்வாறு சொல்பவர்கள் நாமேதாம். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்தவர் அவர். உட்கார்ந்த பின் அந்த மணி முழுவதும் எதுவும் காதில் விழாது என்றும் சொன்னார்.

விருபாட்ச குகைக்குப் பட்டதாரிகளும் வந்தனர். நகராட்சி மேற்பார்வையாளரான கம்பீரம் சேஷய்யர், விவேகானந்தரின் ராஜயோகச் சொற்பொழிவுகள் முதலிய நூல்களைக் கொண்டுவந்து விளக்கம் கேட்பார். துண்டுத் தாள்களில் எளிய தமிழில் விடை எழுதித் தரப்பட்டது. அத்தாள்களே பின்னர் 'விசார சங்கிரகம்' ஆயின. 1902-இல் வந்தவர் சிவப்பிரகாசம் பிள்ளை. கல்லூரியில் தத்துவம் பயின்று, தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றியவர். தத்துவம் பயின்ற அப்பட்டதாரி கேட்ட முதல் வினா, 'நான் யார்?' என்பது. பேச்சை விட்டிருந்த இருபத்திரண்டு வயது இளைஞர், மணலிலும் பலகையிலும் எழுதி விடையளித்தார். 1923-இல் அது நூலாயிற்று. பின்னர் ரமணரே அதைத் தொடர் உரைநடையாக மாற்றியமைத்தார். பழனிசாமிக்குச் சொல், சேஷய்யருக்குத் தாள், பிள்ளைக்கு மணல்! 1927-இல் முருகனார் வேண்டத் தமிழில் எழுந்த 'உபதேச உந்தியார்' தெலுங்கிலும் வடமொழியிலும் அவராலேயே ஆக்கப்பட்டது. மலையாளத்திலும் ஆக்கினார். அம்மொழியின் எழுத்து எவரிடமிருந்த நூலால் வந்தது என்பதை மேலே கண்டோம்.

இவ்வளவையும் கேட்ட மாணவர்கள் நெகிழ்ந்துவிடவில்லை. அவர்களுள் ஒருவர் உணவுக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். மறைக்கத்தக்க செய்தி அன்று அது. ரமணர் வாழ்ந்த காலத்தில் அங்குப் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் இடையே தடுப்பு இருந்தது. இரு சாராரும் காணும் வண்ணம் அவர் அமர்ந்து, எல்லார்க்கும் இட்டதையே உண்டார். பெண்கள் இரவில் ஆசிரமத்தில் தங்கவும் இயலாது. அதே ஆசிரமத்தில்தான், பிறர் கேட்கலாகாது என்று மரபு விலக்கிய வேதபாராயணத்தைச் சாதியும் நாடும் பாராது யாவரும் ஒருங்கே அமர்ந்து கேட்டனர்.

மரபினரை விரட்டாமல் தம்மோடு வைத்துக்கொள்ளும் பொருட்டு அத்தடுப்பை அவர் பொறுத்தார் என்று நாம் சொல்லிப் பார்த்தோம். "தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் பொறுக்கவேண்டியிருந்ததே, ஐயா?" என்றார் அம்மாணவர். அவர் கேட்டது நியாயம் என்றே இன்றும் எண்ணுகிறோம். பழைய கூடத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே சில அடிகளே தொலைவு. அவ்விடத்தில் நின்று வெகுநேரம் வாதிட்டார்கள். ஊர்திரும்பும் பேருந்திலும் அது முடியவில்லை. தடுமாறி வாசிக்கும் அந்த மாணவியும் அப்போது பேசினார்; யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.