பல்கலைக்கழகத்தின் வரவு செலவுக் கணக்கை யார் பார்ப்பது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளமானது. பொறுமையாகப் படியுங்கள்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நம் பள்ளி ஆசிரியர்கள் யாரும் மறக்க முடியாது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வேலைக்குச் சேர்ந்து, பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ., எம்.ஏ. என்று படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களில் பலர் பணம் கட்டியது அங்கேதான். அந்தப் பல்கலைக்கழகம் 2012இல் சம்பளம் கொடுக்கவே திண்டாடியது. 2013இல் அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இதைத் தனியார் நிர்வாகம் போய் அரசு வந்த கதையாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது.

முதலில் வரலாறு. 1920இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதை அடித்தளமாக வைத்து, அவர் கொடுத்த 20 லட்சம் ரூபாய் நன்கொடையோடு, 1928இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1929இல் பல்கலைக்கழகம் உருவானது. சென்னைப் பல்கலைக்கழகம் போல ஊர் ஊராகக் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்துவது அப்போது இதன் வேலையாக இருக்கவில்லை. ஒரே வளாகத்தில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக இது உருவானது. தென்னாற்காடு மாவட்டத்தின் வயல்களுக்கு நடுவே அந்தக் காலத்தில் இப்படி ஒன்றைக் கட்டியது பெரிய காரியம். அந்தப் பெருமையை யாரும் குறைத்துவிட முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு தனித்தன்மை இருந்தது. நிறுவனருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் இணைவேந்தர் பதவி. துணைவேந்தர் தேர்விலும் அவர்களுக்குப் பெரும் பங்கு. 1948இல் அண்ணாமலைச் செட்டியார் மறைந்தபின் மகன் முத்தையா செட்டியார், 1984இல் அவர் மறைந்தபின் எம்.ஏ.எம். ராமசாமி என்று மூன்று தலைமுறை அந்தப் பதவியில் இருந்தது. மற்ற பல்கலைக்கழகங்களில் இருந்தது போல இங்கும் செனட், சிண்டிகேட், கல்விக்குழு எல்லாம் இருந்தன. கல்விக்குழுவில் பேராசிரியர்கள் உட்கார்ந்து பாடத்திட்டம் பற்றியும் தேர்வு முறை பற்றியும் பேசினார்கள். பணமும் நியமனமும் வேறு இடத்தில் முடிவாயின.

இந்தப் பிரிவினைதான் என் கட்டுரையின் மையம். என்ன சொல்லிக்கொடுப்பது என்பதை ஆசிரியர் முடிவு செய்யலாம். அதற்கு எத்தனை பேர் வேண்டும், சம்பளம் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆனால் ஒரு புதிய படிப்பைத் தொடங்குவதே பணத்தைப் பற்றிய முடிவுதானே? இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

1979இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. அது வளர்ந்து நாடு முழுவதும் படிப்பு மையங்கள் திறந்தன. 1980களில் பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் வந்தன. அரசு மானியம் ஒருபுறம் வந்தாலும், தொலைதூர மாணவர்களின் கட்டணம் பெரிய வருமானம். வருமானம் வந்தபோது பணியிடங்களும் பெருகின. கடைசியில் வேலை பார்த்தவர்கள் 12,000க்கும் மேல்! ஒரே வளாகத்தில் இயங்கிய ஒரு பல்கலைக்கழகத்துக்கு இது தாங்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே நம் பள்ளிக்கூட வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்டு 1ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவார்கள். அதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிட நிர்ணயம். தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. எண்ணிக்கை குறைந்தால் உபரி ஆசிரியர் என்று பெயர் வரும், பணி நிரவல் ஆணையும் கூடவே வரும். அந்த ஜூலை மாதக் கடைசி வாரத்தில் தலைமையாசிரியர் முகத்தைப் பார்க்கவே முடியாது! நாமும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்த்திருக்கிறோம். எரிச்சலான வழக்கம்தான். ஆனால் இந்தப் பணியிடத்துக்கு வேலை இருக்கிறதா என்ற கேள்வியை அது ஆண்டுக்கு ஒரு தடவையாவது எல்லார் முன்னாலும் வைத்தது.

சிதம்பரத்தில் அந்தக் கேள்வி நேரத்தில் எழுந்திருந்தால் 2012 நவம்பர் வந்திருக்காது. பணத்தட்டுப்பாடு என்று சொல்லி ஊதியக் குறைப்பு, ஆட்குறைப்பு என்ற பேச்சு வந்ததும் ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். பல்கலைக்கழகம் காலவரையின்றி மூடப்பட்டது. 2013 ஏப்ரலில் சிவ்தாஸ் மீனா நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு புதிய அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. நிறுவனர் குடும்பத்தின் உரிமை முடிந்தது. உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர் ஆனார்.

சம்பளம் வந்தது. ஆனால் மிகுதியாக இருந்தவர்களை என்ன செய்வது? 2016இலிருந்து ஆயிரக்கணக்கானோர் அரசுக் கல்லூரிகளுக்கும் மற்ற துறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த அதே பணி நிரவல்தான். குடும்பம் சிதம்பரத்திலும் வேலை எங்கோ ஒரு மாவட்டத்திலுமாக அலைந்தவர்களை நினைத்துப் பாருங்கள். யாரோ எழுதிய கணக்குக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

மாணவர்களும் தப்பவில்லை. அரசு எடுத்துக்கொண்ட பிறகும் மருத்துவக் கல்லூரியின் கட்டணம் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு இருந்தது. 2020 கடைசியில் தொடங்கி மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். அதன் பிறகுதான் 2021இல் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டுக் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. 2014-15க்குப் பிறகு நடந்த தொலைதூரப் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் இல்லை என்றது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இரவில் விளக்கடியில் படித்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இதெல்லாம் ஒரு குடும்பத்தின் கையில் இருந்ததால் வந்த வினை என்று முடித்துவிடலாமா? முடியாது. தொடக்கத்திலிருந்தே அரசுச் சட்டப்படி நடக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம்! அப்போது அங்கே துணைவேந்தரும் இல்லை. 2023 ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்தபின் ஒரு குழுதான் நிர்வாகத்தைப் பார்த்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் சம்பளத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் போராட வேண்டியிருந்தது. இங்கெல்லாம் குடும்ப நிர்வாகம் கிடையாது.

துணைவேந்தரை ஆளுநர் நியமிப்பதா, அரசு நியமிப்பதா என்று பெரிய வழக்காடல் எழுந்தது. முக்கியமானதுதான். ஆனால் யார் நியமித்தாலும், துணைவேந்தர் முன்னால் வரவு செலவுக் கணக்கை வைத்து, இந்தக் கட்டண வருமானம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்க ஆசிரியருக்கு ஓர் இடம் வேண்டும். கேட்டதற்காகப் பழிவாங்கப்பட மாட்டோம் என்ற உறுதியும் வேண்டும். ஆசிரியர் பிரதிநிதி என்று ஒருவரை சிண்டிகேட்டில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து அனுப்புவது போதாது.

நம் பக்கக் குறையையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ஒன்றாம் தேதி வரும்வரை நாமும் கணக்குக் கேட்பதில்லை. பள்ளியோ பல்கலைக்கழகமோ, ஆசிரியர் கூட்டம் என்றால் ஊக்க ஊதியம், பதவி உயர்வு, இடமாறுதல் இவற்றைத்தான் பேசுவோம். நிறுவனம் நிலைக்குமா என்று பேசினால், இவருக்கு எதற்கு வேண்டாத வேலை என்பார்கள். சம்பளம் நின்ற பிறகு கொடி பிடித்தால் அது வயிற்றுக்கான போராட்டம். அதற்கு முன்பே கணக்குக் கேட்டால்தான் அது நிர்வாகத்தில் பங்கு.

வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று. பல்கலைக்கழகத்துக்கும் அதுதான். அளப்பவர்களில் பாடம் நடத்துபவரும் ஒருவராக இருக்க வேண்டும்.

அண்ணாமலையில் படித்தவர்கள், பணியாற்றியவர்கள் நம் பட்டியலில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.