பாஸ்கரரும் வர்க்கமூலச் சமன்பாடுகளும்

வர்க்கமூலத்துக்குள் மாறி அமைந்த சமன்பாட்டைத் தீர்க்க இருபுறமும் வர்க்கப்படுத்துவது பள்ளியில் கற்பிக்கப்படும் முறை. கிடைத்த விடையை முதல் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் உடன் வரும். 2, −2 இரண்டின் வர்க்கமும் 4 என்பதால், வர்க்கப்படுத்தும்போது பொய்யான தீர்வு ஒன்று நுழைந்துவிடக்கூடும்.

இந்தச் சிக்கல் பழமையானது. 1114-இல் பிறந்த இரண்டாம் பாஸ்கரர், 1150-இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியின் பகுதிகளான லீலாவதியிலும் பீசகணிதத்திலும் இவ்வகைக் கணக்குகளைத் தந்துள்ளார். அவற்றுள் புகழ்பெற்றது வண்டுக் கணக்கு. ஒரு கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் அளவான வண்டுகள் பூச்செடிக்குச் சென்றன; மொத்தத்தில் 8/9 பங்கும் பின்சென்றது. எஞ்சியவை இரண்டே: இரவில் தாமரைக்குள் அகப்பட்டு முரலும் ஆண் வண்டும், அதற்கு வெளியிலிருந்து மறுமொழி தரும் பெண் வண்டும்.

பீசகணிதத்தில் பாஸ்கரர் வண்டுகளின் எண்ணிக்கையை 'யா' என்று கொள்ளாமல் 2யா² என்று கொள்கிறார். (தெரியாத கணியத்துக்கு அவர் இட்ட பெயர் யாவத்தாவத், 'யா' அதன் சுருக்கம்.) பாதி யா², அதன் மூலம் யா. வர்க்கமூலம் தலைகாட்டவே இல்லை! பின்னர்,

2யா² = யா + (16/9)யா² + 2

என்பது 2யா² − 9யா = 18 எனச் சுருங்குகிறது. ஸ்ரீதரரின் விதிப்படி 8-ஆல் பெருக்கி 81-ஐக் கூட்டினால் (4யா − 9)² = 225. எனவே யா = 6; வண்டுகள் 72. −15 என்ற மூலத்தை எடுத்தால் நாலரை வண்டுகள் வரும். அது கணக்குக்கே பொருந்தாது.

ஆனால் இரண்டு விடைகளும் முழு எண்களாக இருந்தால்? நேர் எண்ணுக்கு மூலங்கள் இரண்டு என்று பாஸ்கரரே விதித்திருக்கிறார். அவருடைய குரங்குக் கணக்குகள் இங்குதான் சுவையாகின்றன. ஒன்றில், கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, 12 குரங்குகள் மலைமேல் உள்ளன. விடை 48 அல்லது 16, இரண்டையும் ஏற்கிறார். மற்றொன்றில், ஐந்தில் ஒரு பங்கில் 3 குறைத்து வர்க்கப்படுத்திய அளவு குகைக்குள் சென்றது, ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. விடை 50 அல்லது 5. இங்கே 5-ஐத் தள்ளுகிறார்: ஐந்தில் ஒரு பங்கான 1-லிருந்து 3-ஐக் கழித்தால் −2 வரும், குறை எண்ணை உலகத்தார் ஏற்பதில்லை என்பது அவர் சொல்லும் காரணம்.

இக்கணக்குகளில் வர்க்கமூலம் இல்லை; வர்க்கச் சமன்பாட்டில் இட்டால் 5-உம் சரியாகவே வரும். இவற்றை வர்க்கமூல வடிவில் எழுதிப் பார்க்கலாம். முதலாவது √(யா − 12) = யா/8. இதில் 48-ஐ இட்டால் 6 = 6, 16-ஐ இட்டால் 2 = 2. இரண்டாவது √(யா − 1) = யா/5 − 3. இதில் 50-ஐ இட்டால் 7 = 7; 5-ஐ இட்டால் 2 = −2. பாஸ்கரர் தள்ளிய எண்ணே இங்கும் தள்ளுபடியாகிறது.