யார் கேட்டார்கள், யார் எழுதினார்கள்: 1822 பள்ளிக் கணக்கெடுப்பு பற்றி ஒரு குறிப்பு

பல நாடுகளில் உள்ள பள்ளித் தலைமை ஆசிரியர்களிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து பதில் வாங்குவது இன்றைக்கு ஒரு பெரிய துறை. ஓ.இ.சி.டி. நடத்தும் டாலிஸ் ஆய்வு 2008-இல் 24 நாடுகளோடு தொடங்கியது; 2018-இல் 48 ஆனது. நாட்டுக்கு சுமார் 200 பள்ளிகள், பள்ளிக்கு 20 ஆசிரியர்கள், கூடவே அந்தப் பள்ளியின் தலைவர் ஒருவர். கேட்க எளிமையாகத்தான் இருக்கு. ஆனால் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை என்ற மூன்று ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தாலே இதில் எத்தனை முடிச்சு இருக்கு என்று தெரிந்துவிடும். அந்த முடிச்சுகள் புதியவையும் அல்ல. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே மண்ணில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதன் தாள்களைப் படிக்கப் படிக்க, இன்றைய ஆய்வாளர்கள் படும் பாடு எல்லாம் அங்கேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

1822 ஜூனில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். நிலத்தை அளந்திருக்கிறோம், விளைச்சலைக் கணக்கெடுத்திருக்கிறோம், மக்கள் தொகை பற்றியும் விசாரித்திருக்கிறோம். ஆனால் இந்த நாட்டில் கல்வி எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவே இல்லை என்பது அதன் சாரம். உள்ளூர்ப் பள்ளிகளில் தலையிடும் எண்ணம் இல்லை என்றும் சேர்த்தே எழுதினார். அடுத்த மாதம் வருவாய் வாரியத்திலிருந்து எல்லா கலெக்டர்களுக்கும் சுற்றறிக்கை போனது, ஒரு படிவத்தோடு.

படிவத்தில் என்ன கேட்டார்கள்? பள்ளிகள் எத்தனை, கல்லூரிகள் எத்தனை, படிப்பவர்கள் எத்தனை பேர். படிப்பவர்களை பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற சாதியினர், முஸ்லிம்கள் என்று பிரிக்க வேண்டும். ஆண், பெண் தனித்தனி. கடைசியில் மாவட்ட மக்கள் தொகை. அவ்வளவுதான். வாத்தியாருக்கு என்ன வருமானம், பிள்ளைகள் எத்தனை வருஷம் படிக்கிறார்கள், நடுவில் ஏன் நிற்கிறார்கள் என்பதற்கெல்லாம் பத்தி கிடையாது.

இப்போது ஒரு திண்ணைப் பள்ளி அண்ணாவியின் இடத்தில் நின்று பாருங்கள். நெல்லைச் சீமையில் வாத்தியாரை அண்ணாவி என்றுதான் சொல்வார்கள். அவரிடம் கேள்வி நேராக வரவில்லை. ஆளுநர், வாரியம், கலெக்டர், தாசில்தார், கணக்கப்பிள்ளை என்று இறங்கி இறங்கி வருகிறது. இவர்கள் எல்லாருமே அதற்கு முந்தின நாள்வரை வரி விசாரித்தவர்கள். பிள்ளைகளிடம் வாங்கும் நெல்லும் துட்டும்தான் அண்ணாவியின் பிழைப்பு. சிலருக்குக் கொஞ்சம் மானிய நிலமும் இருந்திருக்கலாம். வரி கேட்ட வாயே ‘உன்கிட்ட எத்தனை பையன் படிக்கான்?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? மன்றோவின் ‘தலையிட மாட்டோம்’ என்ற வாக்கு சென்னையில் கோப்பில் இருந்தது. அது தென்காசித் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

திருநெல்வேலி கணக்கு 1822 அக்டோபரில் போய்ச் சேர்ந்தது. 607 பள்ளிகள். கல்லூரி ஒன்றும் இல்லை. ஆண் பிள்ளைகளில் பிராமணர் 2,016, சூத்திரர் 2,889, மற்ற சாதியினர் 3,557, முஸ்லிம்கள் 796. வைசியர் பத்தி காலி. பக்கத்து மதுரைக் கணக்கில் அதே பத்தியில் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. திருநெல்வேலியில் செட்டிமார் வீட்டுப் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகவில்லையா? அப்படி இருக்காது. வேறு பத்தியில் சேர்த்திருப்பார்கள் என்பதுதான் என் ஊகம். கோயம்புத்தூரில் ‘மற்ற சாதியினர்’ சில நூறுக்குள் அடங்க, இங்கே அது எல்லாப் பத்தியையும் மிஞ்சி நிற்கிறது. பிள்ளைமாரையும் மறவரையும் நாடாரையும் இடையரையும் கம்மாளரையும் சூத்திரர், மற்றவர் என்ற இரண்டு பெட்டிக்குள் போடச் சொன்னால் ஒவ்வொரு கச்சேரியும் தன் போக்கில்தான் போடும். பெட்டி ஒன்றுதான், அதற்கு ஒவ்வொரு ஊரும் கொண்ட பொருள் வேறு. இன்றைய ஆய்வு மொழியில் இதை ஒப்பீட்டுச் சிக்கல் என்பார்கள்.

இன்னொன்று. கணக்கு தென்காசியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே ராணி கௌரி பார்வதி பாய் 1817-லேயே கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்திருந்தார். குற்றாலத்துச் சாரல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் விழுந்தது. சொந்தபந்தமும் சந்தையும் எல்லை தாண்டிப் போய்வந்தன. ஆனால் மன்றோவின் தாளில் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. 1956 நவம்பர் 1-இல்தான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

எல்லாக் கலெக்டரும் பத்தியை நிரப்பிவிட்டுப் போகவில்லை. இதுதான் எனக்கு இந்தக் கோப்பில் மிகவும் பிடித்த பகுதி. கன்னடச் சீமைக் கலெக்டர் படிவத்தை நிரப்பவே இல்லை. இங்கே கல்வி பெரும்பாலும் வீட்டில் தனியாக நடக்கிறது, உங்கள் பத்தியில் அது அடங்காது என்ற பொருளில் பதில் எழுதிவிட்டார். சென்னைக் கலெக்டர் பள்ளியில் படிப்பவர்கள் 5,523 என்று கொடுத்துவிட்டு, வீட்டில் படிப்பவர்கள் 26,963 என்று தனியாக ஒரு கணக்கு கொடுத்தார். ஐந்து மடங்கு! மன்றோவே இதில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார்.

பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823 ஆகஸ்டில் எழுதியது ஒரு நீண்ட கடிதம். யாரும் கேட்காததை எல்லாம் எழுதினார். காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்கப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடுதல். பெரிய பையன்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் விவரித்தார். நடுத்தர, ஏழைக் குடும்பங்கள் வறுமைப்பட்டுப் போனதால் பள்ளிகள் குறைந்துவருகின்றன என்று தன் சொந்த அரசாங்கத்துக்கே சங்கடமான செய்தியையும் எழுதினார். இன்று அந்தக் கணக்கெடுப்பைப் பற்றிப் பேசும் யாரும் கேம்ப்பெல்லை விட்டுவிட்டுப் பேச முடியாது. படிவத்தை ஒழுங்காக நிரப்பியவர்களை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

எல்லாம் வந்து சேர்ந்து தொகுக்கப்பட 1825 ஆகிவிட்டது. 1826 மார்ச்சில் மன்றோ கூட்டிப் பார்த்தார்: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள் தொகை 1,28,50,941. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண் பிள்ளைகள் சுமார் 7,13,000 என்று கணித்தார். பள்ளியில் இருந்த ஆண் பிள்ளைகள் 1,84,110. அதாவது கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும் என்று மதிப்பிட்டார். தனக்குக் கிடைத்த எண் எங்கே ஓட்டை என்று தெரிந்து, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஓர் ஊகம். நல்ல ஆய்வாளர் செய்வது அதுதான். அந்தக் கணக்கை வைத்து மாவட்டத்துக்கும் தாசில்தாரிக்கும் பள்ளிகள் வைக்கத் திட்டம் போட்டார். 1827 ஜூலையில் காலராவில் இறந்துபோனார். திட்டம் பத்தாண்டுக்குள் கைவிடப்பட்டது.

எண்கள் மட்டும் சாகவில்லை. 1931-இல் காந்தி லண்டனில் பேசும்போது ஆங்கிலேயர் வந்தபின் இந்தியாவில் எழுத்தறிவு குறைந்தது என்றார். பிலிப் ஹார்ட்டாக் ஆதாரம் கேட்டு மல்லுக்கு நின்றார். 1983-இல் தரம்பால் இந்த மாவட்டக் கணக்குகளை ‘அழகிய மரம்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் நூலாகக் கொண்டுவந்தார். தமிழ் மாவட்டங்களில் படித்த பிள்ளைகளில் பெரும்பங்கு பிராமணர் அல்லாதவர்கள் என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. திருநெல்வேலியில் சூத்திரரும் மற்ற சாதியினரும் சேர்ந்து ஏறத்தாழ 70 சதவீதம். முக்கியமான செய்தி, சந்தேகமில்லை. ஆனால் ‘மற்ற சாதியினர்’ என்ற அந்தப் பெட்டியில் யார் யார் இருந்தார்கள் என்பது தெரியாமல், அதில் தலித் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இரண்டு தரப்பும் தத்தம் வசதிக்கு அடித்துச் சொல்வது சரியில்லை. படிவத்தில் இல்லாத பதிலைப் படிவத்திலிருந்து எடுக்க முடியாது.

இனி இன்றைய கதைக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டு பிசா தேர்வின் நீட்சியாக நடந்த சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் கடைசி மூன்று இடங்களுக்குள். பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். பிசாவில் பள்ளித் தலைவர் நிரப்ப வேண்டிய கேள்வித்தாள் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த மாதிரிக் கேள்வித்தாளில் தவறாமல் வரும் ஒரு கேள்வி: உங்கள் பள்ளியில் ஆசிரியரை நியமிக்கும் பொறுப்பு யாருக்கு? பள்ளித் தலைவருக்கா, நிர்வாகக் குழுவுக்கா, அரசுக்கா?

தென்காசியில் ஓர் அரசுப் பள்ளி எச்.எம்.-இடம் கேட்டால் சிரிப்பார். நியமனம் சென்னையில், இடமாறுதல் கலந்தாய்வில். நாலு தெரு தள்ளி உள்ள உதவிபெறும் பள்ளியில் நியமிப்பது நிர்வாகம், ஒப்புதல் துறை, சம்பளம் அரசு. கையெழுத்து போடும் தாளாளர் வேறு ஆள், பள்ளியை நடத்தும் தலைமை ஆசிரியர் வேறு ஆள். மெட்ரிக் பள்ளியில் இருப்பவர் ‘முதல்வர்’. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு போனால் கேரளம். அங்கே ஒரே வளாகத்தில் உயர்நிலைப் பிரிவுக்குத் தலைமை ஆசிரியர் ஒருவர், மேல்நிலைப் பிரிவுக்கு பிரின்சிபல் இன்னொருவர். இதில் ‘பள்ளித் தலைவர்’ யார்? கேள்வித்தாளை யார் மேஜையில் வைப்பது?

தமிழிலேயே எழுதிக் கடல் தாண்டி அனுப்பினாலும் தப்பிக்க முடியாது. இலங்கையில் பள்ளித் தலைவர் ‘அதிபர்’. நம்ம ஊரில் அதிபர் என்றால் ஆலை முதலாளி, இல்லாவிட்டால் அமெரிக்க ஜனாதிபதி. மலேசியாவின் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் எல்லாம் தொடக்கப் பள்ளிகள், அங்கே தலைமையாசிரியர்; சிங்கப்பூரில் முதல்வர். ஒரே மொழி, நாலு நாடு, மூன்று பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வேறு அதிகாரம். நேரமும் ஒத்துவராது. ஜூனில் நமக்குப் புது வகுப்பு தொடங்கும்போது சிங்கப்பூரில் பாதி வருஷம் முடிந்திருக்கும். ‘இந்த ஆண்டு எத்தனை முறை வகுப்பைப் பார்வையிட்டீர்கள்?’ என்ற கேள்விக்கு ஒரே மாதத்தில் எல்லா ஊரிலும் பதில் வாங்கினால் அந்த எண்களை அப்படியே ஒப்பிட முடியாது.

இதையெல்லாம்கூட நல்ல மொழிபெயர்ப்பாளரும் திட்டமும் இருந்தால் ஓரளவு சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது அண்ணாவியின் சிக்கல். இன்றைய எச்.எம்.-க்கு எண்களைக் கேட்டு வரும் படிவம் எமிஸ், யுடைஸ் என்று வருஷம் முழுக்க. ஆகஸ்ட் முதல் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி. அப்படிப் பழகிய மனுஷரிடம் போய் ‘இது வெறும் ஆய்வு, பெயர் வெளியே வராது’ என்றால் நம்புவாரா? குற்றாலம் பக்கத்தில் ஒரு தலைமை ஆசிரியை என்னிடம் சொன்னார்: “சார், எந்தத் தாள் வந்தாலும் முந்தின தாள்ல என்ன எழுதினோம்னு பார்த்துத்தான் எழுதுவோம். ரெண்டும் மாறிட்டா யார் பதில் சொல்றது?” இது பொய் இல்லை. முப்பது வருஷ வேலை கற்றுக்கொடுத்த எச்சரிக்கை. ஆனால் ஆய்வாளர் கைக்கு வருவது பள்ளியின் நிலை அல்ல, முந்தின படிவத்தின் நகல்.

அதனால் இந்தக் கோப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பதிலைப் படிக்கும் முன் கேள்வி யார் கை வழியாகப் போனது என்று பார்க்க வேண்டும். முடிந்தால் துறை வழியாக அனுப்பாமல் நேரில் போக வேண்டும்; கேட்பவருக்கு அந்தப் பள்ளியின் மேல் அதிகாரம் இருக்கக் கூடாது. படிவத்தின் கடைசியில் ஒரு முழுப் பக்கம் காலியாக விட்டு, ‘நாங்கள் கேட்க மறந்தது என்ன?’ என்று ஒரு வரி போட வேண்டும். பெரும்பாலானோர் அதைக் காலியாகவே திருப்பித் தருவார்கள். நூறில் ஒருவர் கேம்ப்பெல் மாதிரி எழுதுவார். கூட்டல் கணக்கில் சேராது என்று அந்தப் பக்கத்தைத்தான் அலுவலகத்தில் முதலில் கிழித்துப் போடுவார்கள். அதைப் பத்திரப்படுத்துவதற்கும் சேர்த்துத்தான் ஆய்வுக்குச் செலவு ஒதுக்க வேண்டும்.